ஸ்பெக்ட்ரோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்களா? மலை இறங்கும் முன் இதைப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து மாமா கூப்பிட்டபோது இரவு ஒன்பது மணி இருக்கும். சொந்த மாமா இல்லை. எஸ்டேட் லைனில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவர். சின்ன வயதிலிருந்தே மாமா என்று கூப்பிட்டுப் பழக்கம். அவருடைய பையனுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு வாரத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறான். கீழே கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்ததில் மூளையில் வளையம் மாதிரி தெரியும் சின்னக் கட்டி ஒன்று. கூடவே ஸ்பெக்ட்ரோவும் (அதே எம்.ஆர்.ஐ. மெஷினில் மூளையின் வேதிப்பொருட்களைப் பார்க்கும் சோதனை) எடுத்து, ‘காசநோய்க் கட்டியாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். நரம்பியல் டாக்டருக்கு அதில் திருப்தி இல்லை.

“மாப்ள, 3 டெஸ்லா மெஷின்ல எடுத்தா எல்லாம் தெளிவாத் தெரியும்ங்கறாங்களே. கடன வாங்கியாவது இந்தத் தடவ அங்கயே எடுத்துடலாமா?”

“மாமா, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. ரிப்போர்ட்ல எத்தன எம்.எம்.னு போட்டிருக்கு?”

பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. “ஒம்பது.”

நான் கோவையில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியிலிருந்து தெரிந்தவர்கள் யாருக்கு ஸ்கேன் சீட்டு எழுதினாலும் எனக்கு ஒரு போன் வரும். கேட்பது பெரும்பாலும் இதேதான்: 1.5-ஆ, 3-ஆ? (டெஸ்லா என்பது மெஷினின் காந்த வலிமையைச் சொல்லும் அளவு.) எந்த இடம் நல்லது? எடுக்காமல் விட்டால் ஆபத்தா? மருத்துவ முடிவு டாக்டருடையது, அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் மெஷின் முன்னால் தினமும் உட்கார்ந்திருப்பவனுக்கு, எந்த வழி எந்த நோயாளிக்கு உதவும், எது வெறும் அலைச்சல் என்பது கொஞ்சம் தெரியும். மலையிலிருந்து இறங்கி ஏறுவது என்றால் ஒரு முழு நாளும், கூட வருபவரின் ஒரு நாள் கூலியும் போய்விடும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ஸ்பெக்ட்ரோ எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம். எங்கள் ஊரில் என்.எம்.ஆர். என்றால் நீலகிரி மலை ரயில். இயற்பியலில் அதே மூன்றெழுத்து அணுக்கருக் காந்த ஒத்ததிர்வைக் குறிக்கும். 1946-ல் பிளாக், பர்செல் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் குழுக்கள் தனித்தனியே அதைக் கண்டன. 1952-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அதிலிருந்து முதலில் வந்தது ஸ்பெக்ட்ரோஸ்கோபி. உடலைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. எழுபதுகளில் வந்த தம்பி.

காந்தத்துக்குள் போனதும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ரேடியோ அலைவரிசையில் பதில் சொல்லும். 1.5 டெஸ்லாவில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் மலைச்சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறதே ரேடியோ தொலைநோக்கி, அது வானத்தைக் கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். பள்ளியில் படிக்கும்போது அதைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். படம் பிடிக்கும் கருவி என்று நினைத்துக்கொண்டு போனோம். ‘இது கேட்கும் கருவி’ என்று அங்கே இருந்தவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. நான் வேலை பார்க்கும் மெஷினும் கேட்கும் கருவிதான்.

சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தண்ணீரைக் கேட்டு அதைப் படமாக்குகிறது. ஸ்பெக்ட்ரோவில் அந்தத் தண்ணீரை அடக்கிவிட்டு, மூளைச் செல்கள் தயாரித்துச் செலவழிக்கும் வேதிப்பொருட்களைக் கேட்கிறோம். தண்ணீரின் சத்தம் இவற்றைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கும். மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலக் கூச்சலுக்கு நடுவே ஒருவர் மெதுவாகச் சொல்லும் பெயரைக் காதில் வாங்க வேண்டும். அந்தச் சிரமம்தான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கையில் வரும் தாளில் மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு இருக்கும். அளவுகோல் வலமிருந்து இடமாக ஏறும், அதில் குழம்ப வேண்டாம். 2.0 என்ற இடத்தில் நிற்கும் உயரமான சிகரம் என்-அசிட்டைல் ஆஸ்பார்டேட், சுருக்கமாக என்.ஏ.ஏ. நரம்புச் செல்கள் நலமாக இருப்பதன் அடையாளம் அது. 3.0-ல் கிரியாட்டின். (ரத்தத்தில் சிறுநீரகத்துக்காகப் பார்ப்பது கிரியாட்டினின், அது வேறு. ‘கிட்னியும் போச்சா’ என்று ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதவர்கள் உண்டு.) 3.2-ல் கோலின். செல்களின் மேற்சவ்வு வேகமாகக் கட்டப்படும் இடத்தில், முக்கியமாகப் புற்றுக்கட்டியில், இது உயரும். 3.5-ஐ ஒட்டி மயோ-இனோசிட்டால். 1.3-ல் லாக்டேட்டும் கொழுப்பும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். நல்ல மூளையில் இடப்பக்கத்துக் கோலின், கிரியாட்டின் சிகரங்களிலிருந்து வலப்பக்கத்து என்.ஏ.ஏ. நோக்கிக் கோடு ஏறிக்கொண்டே போகும். புற்றில் இந்த ஏற்றம் இறக்கமாக மாறும். பிறந்த குழந்தைக்கு மட்டும் கோலின் உயர்ந்து என்.ஏ.ஏ. தாழ்ந்து இருப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

சரி, மாமாவின் ஒன்பது மில்லிமீட்டருக்கு வருவோம்.

ஒற்றைப் பெட்டி முறையில் மூளைக்குள் கற்பனையாக ஒரு பெட்டியை வைத்து அதற்குள் இருப்பதை மட்டும் கேட்கிறோம். வழக்கமான பெட்டி ஒவ்வொரு பக்கமும் 2 சென்டிமீட்டர். அதாவது 8 மி.லி. ஒன்பது மி.மீ. குறுக்களவுள்ள உருண்டையின் கொள்ளளவு 0.38 மி.லி. பெட்டியில் அது 5 சதவீதம்கூட இல்லை. மிச்சம் 95 சதவீதம் சுற்றியிருக்கும் மூளை. கோட்டில் தெரியும் என்.ஏ.ஏ., கோலின் எல்லாம் அந்த 95 சதவீதத்தின் குரல்.

“அப்ப பெட்டியச் சின்னதாக்கிடுங்களேன்” என்பார்கள். நியாயமான கேள்வி. பக்கத்துக்கு 1 செ.மீ. ஆக்கினால் 1 மி.லி., சத்தம் எட்டில் ஒன்றாகிவிடும். இழந்த தெளிவை மீட்கத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சராசரி எடுக்க வேண்டும். ஆனால் நான்கு மடங்கு நேரம் கேட்டால்தான் தெளிவு இரண்டு மடங்காகும். எட்டு மடங்கு வேண்டுமென்றால் 64 மடங்கு நேரம். இரண்டு விநாடிக்கு ஒரு முறை என்று 128 முறை கேட்க 4 நிமிடம் 16 விநாடி ஆகிறது. அதை 64-ஆல் பெருக்கினால் நாலரை மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரம் தலையை அசைக்காமல் யாரும் படுத்திருக்க முடியாது.

3 டெஸ்லாவில் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கும் என்பது கணக்கு. பக்கத்துக்கு 1.5 செ.மீ. பெட்டி வைக்கலாம், 3.4 மி.லி. அதிலும் மாமா பையனின் வளையம் 11 சதவீதம்தான். மெஷினை மாற்றினாலும் கேள்விக்குப் பதில் வராது. அதனால்தான் டெஸ்லாவைக் கேட்பதற்கு முன் மில்லிமீட்டரைக் கேட்கிறேன்.

மறுநாள் வாட்ஸாப்பில் அந்த முதல் ஸ்பெக்ட்ரோவின் படங்களை வாங்கிப் பார்த்தேன். எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. வளையம் வலப்பக்க முன்மூளையில், மேற்பரப்பை ஒட்டி இருந்தது. படத்தின்மேல் பெட்டியின் கோடு வரையப்பட்டிருக்கும், அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் ஒரு மூலை மண்டையோட்டைத் தாண்டித் தலைத்தோலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. தலைத்தோலுக்கு அடியில் இருப்பது கொழுப்பு. 1.3-ல் தொட்டபெட்டா மாதிரி எழும்பி நின்ற சிகரம் கட்டியிலிருந்து வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் எல்லோர் தலைத்தோலிலும் இருப்பதுதான்.

காசநோய்க் கட்டியில் கொழுப்புச் சிகரம் உயர்ந்து நிற்பது உண்மை. காசநோய்க் கிருமியின் சுவரே கொழுப்பு நிறைந்தது. கட்டியின் நடுவில் பாலாடைக்கட்டிபோல் செத்த திசுவும் சேர்ந்துகொள்ளும். ஆனால் செத்த திசு உள்ள புற்றுக்கட்டியிலும் அதே சிகரம் வரும், பெட்டி தலைத்தோலைத் தொட்டாலும் வரும். எலும்பைத் தொடாமல் பெட்டியை உள்ளே தள்ளி, எலும்புப் பக்கம் கொழுப்பை அடக்கும் பட்டைகள் போட்டு எடுத்தார்களா என்று பார்க்காமல், அந்த ஒரு சிகரத்தை நம்பி மருந்து தொடங்கக் கூடாது. மூளைக் காசநோய்க்கு மருந்து என்றால் 9 மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மாத்திரைகள் அவை. தேவைப்படுபவருக்கு அவை உயிர். தேவையில்லாதவருக்கு வீண் பாரம்.

இந்தச் சின்ன வளையங்களுக்கு நம் நாட்டில் ஒரு கதை இருக்கிறது. வலிப்போடு வருபவர்களின் சி.டி. ஸ்கேனில் தனியாக ஒரு சின்ன வளையம் தெரிந்தால் காசநோய் என்று எடுத்துக்கொண்டு மருந்து கொடுத்த காலம் ஒன்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ராஜசேகர், சாண்டி முதலான நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 1990-களின் தொடக்கத்தில் அவற்றை ஆராய்ந்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கிச் சாகும்போது உண்டாகும் கட்டிகள் என்று காட்டினார்கள். 1993-ல் அவர்கள் வெளியிட்ட அளவுகோலில் முக்கியமானது 20 மி.மீ. அதற்கு உட்பட்ட ஒற்றை வளையம், வெளிவிளிம்பு ஒழுங்காக, மூளையின் நடுக்கோடு நகராமல், நோயாளிக்கு வேறு நரம்புக் குறை ஏறிக்கொண்டே போகாமல் இருந்தால், புழுக்கட்டி என்ற பக்கமே தராசு சாயும். (பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கும் இது வரும். புழுவின் முட்டை மனிதக் கழிவிலிருந்து தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக வாய்க்குப் போவதுதான் காரணம். வீட்டில் யார் மேலும் பழி போட வேண்டாம்.)

ஆக, ஒரு செ.மீ. அளவிலுள்ள ஒற்றை வளையத்துக்கு ஸ்பெக்ட்ரோவைவிட மூன்று வழிகள் மேல் என்பது என் கருத்து. முதலாவது, அதே எம்.ஆர்.ஐ.யில் மெல்லிய வெட்டுகளாக, நீரைப் பளிச்சென்று காட்டும் முப்பரிமாணப் படம். புழுவின் தலை அந்த வளையத்துக்குள் ஒரு புள்ளியாகத் தெரிந்துவிட்டால் அத்தோடு சந்தேகம் தீர்ந்தது. இதற்கு 1.5 டெஸ்லா தாராளம். இரண்டாவது, நெஞ்சைப் பார்ப்பது. மூளையில் காசநோய் இருந்தால் நுரையீரலிலோ நிணநீர்க் கட்டியிலோ தடயம் கிடைக்க வாய்ப்பு உண்டு. அங்கே சளியோ ஊசியில் எடுத்த திசுவோ பரிசோதித்துக் கிருமியைக் கண்டுவிட்டால் மூளையைத் தொடவே வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரேக்கு மலை இறங்க வேண்டியதும் இல்லை. மூன்றாவது, வலிப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு, டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. காத்திருப்பது என்றால் கைவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள், அப்படியில்லை. புழுக்கட்டி பல நேரம் தானாகவே சுருங்கிப்போகும், இல்லையென்றால் சுண்ணாம்பாக உறையும்.

மாமா பையனுக்கு டாக்டர் தேர்ந்தெடுத்தது முதல் வழியை. 1.5 டெஸ்லாவிலேயே மெல்லிய வெட்டுகள் எடுத்தோம். எனக்குப் பழக்கமான அறை, பழக்கமான திரை. ஆனாலும் வெட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு போனபோது கை கொஞ்சம் நடுங்கியது. முப்பத்திரண்டாவது வெட்டில் வெள்ளை வட்டத்துக்குள், ஓரமாக ஒட்டிக்கொண்டு, ராகி மணி அளவுகூட இல்லாத ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்த வெட்டிலும் இருந்தது. ரேடியாலஜி டாக்டர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். காசநோய் மருந்து தொடங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஸ்பெக்ட்ரோவே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கட்டி பெரிதாகும்போது கதை மாறுகிறது.

மூன்று செ.மீ.க்கு மேல் ஒரு கட்டி, சுற்றிலும் வீக்கம். புற்றா, காசநோயா, சீழ்க்கட்டியா என்று சந்தேகம். இங்கே பெட்டியைக் கட்டிக்குள் முழுசாக வைக்க இடம் இருக்கிறது, ஸ்பெக்ட்ரோ பேசும். சீழ்க்கட்டி என்றால் 0.9-ல் அமினோ அமிலங்கள், சில சமயம் 1.9-ல் அசிட்டேட், 2.4-ல் சக்சினேட் தெரியும். கிருமிகளின் சமையல் அது, புற்று அதைச் செய்வதில்லை. காசநோயில் கொழுப்பு ஓங்கி, அந்த அமினோ அமிலம் இல்லாமல் இருக்கும். புற்றில் கோலின் ஏறி என்.ஏ.ஏ. விழும். ஆனால் காசநோய்க் கட்டியிலும் கோலின் ஓரளவு ஏறலாம். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. சீழுக்கு, திசுவில் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படம், புற்றுக்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் படம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பெர்ஃப்யூஷனுக்கு, படத்தில் தெரியும் மருந்தை (கான்ட்ராஸ்ட்) ஏற்றும்போதே எடுக்க இரண்டு நிமிடம் போதும். வீரியமான புற்று அதிக ரத்தம் இழுக்கும், காசநோய்க் கட்டி பொதுவாகக் குறைவாக. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று நேரமோ பணமோ தடுத்தால், பெரிய கட்டிக்கு நான் பெர்ஃப்யூஷன் பக்கம் நிற்பேன். இரண்டும் முடிந்தால் ஒரே அமர்வில் இரண்டும்.

இந்த இடத்தில்தான் ஒற்றைப் பெட்டியா, பல பெட்டியா என்ற கேள்வி வருகிறது. பல பெட்டி முறையில் ஒரு வெட்டு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கோடு வாங்குகிறோம். ஆறிலிருந்து பத்து நிமிடம் ஆகும். கட்டியின் நடுவில் என்ன, விளிம்பில் என்ன, வீக்கம் என்று தெரியும் இடத்தில் புற்று பரவியிருக்கிறதா என்பதையெல்லாம் ஒரே வரைபடத்தில் பார்க்கலாம். ஊசியால் திசு எடுக்கும் பயாப்சி செய்யப்போகும் அறுவை மருத்துவருக்குக் கோலின் அதிகமாக உள்ள கட்டத்தைக் காட்டினால், செத்த திசுவைக் குத்தி வீணாகத் திரும்பாமல் உயிருள்ள கட்டியைக் குத்துவார். பல பெட்டியின் உண்மையான பயன் இதுதான்.

இதில் உள்ள சிக்கல் என்ன? பெரிய பரப்பு முழுவதும் காந்தப்புலத்தை ஒரே சீராக வைக்க வேண்டும். அதை நாங்கள் ஷிம்மிங் என்போம். சின்னப் பெட்டிக்கு இது எளிது, பெரிய பரப்புக்குக் கஷ்டம். 1.5 டெஸ்லாவில் கோலினுக்கும் கிரியாட்டினுக்கும் இடையே உள்ள தூரம் 13 ஹெர்ட்ஸ் மட்டும். ஷிம் சரியில்லாமல் சிகரங்கள் அகன்றுவிட்டால், பனிமூட்டத்தில் இரண்டு குன்றுகள் ஒன்றாகத் தெரிவதுபோல் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு விகிதம் எழுதி என்ன பயன்? 3 டெஸ்லாவில் அந்தத் தூரம் 26 ஹெர்ட்ஸ். பெரிய கட்டிக்குப் பல பெட்டி எடுப்பது என்றால் 3 டெஸ்லாவுக்காகக் கூடுதலாக அலைவதில் அர்த்தம் இருக்கிறது. மெஷினின் பெயரைவிட, அங்கே ஸ்பெக்ட்ரோ வாடிக்கையாக எடுக்கிறார்களா என்று கேளுங்கள். மாதத்துக்கு ஒன்று எடுக்கும் 3 டெஸ்லாவைவிட, வாரத்துக்கு நாலு எடுக்கும் 1.5 டெஸ்லாவையே நான் நம்புவேன்.

3 டெஸ்லாவுக்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் பெட்டி கொஞ்சம் கொஞ்சம் இடம் தள்ளி விழும், என்.ஏ.ஏ.வுக்கு விழும் பெட்டியும் கோலினுக்கு விழும் பெட்டியும் அச்சாக ஒன்றல்ல. மற்றதெல்லாம் சமமாக இருந்தால் 3 டெஸ்லாவில் இந்த விலகல் இரட்டிப்பு. அதனாலேயே லாக்டேட்டின் சிகரம் அங்கே சில நேரம் சுருங்கிப்போகும், இல்லாததுபோல் தோன்றும்.

லாக்டேட் பற்றிச் சொன்னதால் எக்கோ நேரத்தையும், அதாவது அலை அனுப்பியபின் பதிலைக் கேட்பதற்கு முன் விடும் இடைவெளியையும், சொல்லிவிடுகிறேன். டாக்டரும் டெக்னீஷியனும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்றாலும் ரிப்போர்ட்டில் எண்ணாக இருக்கும். 30 மில்லிசெகண்டில் எடுத்தால் கொழுப்பு, மயோ-இனோசிட்டால், குளூட்டமேட் என்று நிறைய பேர் பேசுவார்கள், ஆனால் தரை மேடு பள்ளமாக இருக்கும். 135 அல்லது 144-ல் தரை சமமாகும், கொழுப்பு பெரும்பாலும் அடங்கும், லாக்டேட் தலைகீழாகத் தொங்கும். 1.3-ல் நிற்பது கொழுப்பா லாக்டேட்டா என்ற சண்டையை இந்தத் தலைகீழ் தீர்த்துவைக்கும். காசநோய்ச் சந்தேகத்துக்கு இரண்டு நேரத்திலும் எடுப்பது நல்லது. நாலைந்து நிமிடம்தான் கூடுதல்.

பயாப்சியைப் பற்றிப் பயம் நிறைய இருக்கிறது. மண்டையில் சிறு துளை போட்டு, கணக்கிட்ட திசையில் ஊசி விட்டு அரிசி அளவு திசு எடுக்கிறார்கள். ரத்தக்கசிவு அபாயம் உண்டு, சிறியதுதான். ஆனால் பெரிய கட்டிக்குப் பெயர் சொல்லும் சோதனை பெரும்பாலும் அதுதான். ஸ்பெக்ட்ரோ ‘இந்தப் பக்கம் சாய்கிறது’ என்று சொல்லும். பயாப்சி ‘இது’ என்று சொல்லும். டாக்டர் பயாப்சி வேண்டும் என்றால், அதைத் தள்ளிப்போட ஸ்பெக்ட்ரோவைத் தேடி அலையாதீர்கள். வரிசையும் முக்கியம்: ஸ்பெக்ட்ரோ முதலில், பயாப்சி பிறகு. ஊசி போன தடத்தில் ரத்தம் தங்கிவிட்டால் காந்தப்புலம் கலைந்து, பிறகு எடுக்கும் கோடு கெட்டுப்போகும். சுண்ணாம்பு படிந்த பழைய கட்டிக்கும் இதே நிலைமைதான்.

உடம்பில் சர்க்கரை எங்கே அதிகம் செலவாகிறது என்று காட்டும் பெட் ஸ்கேனைப் பற்றியும் கேட்கிறார்கள். மூளை எப்போதுமே சர்க்கரையை அள்ளிச் சாப்பிடும் உறுப்பு, காசநோயும் அதில் பளிச்சென்று எரியும். இந்தக் கேள்விக்கு அது முதல் தேர்வு இல்லை.

இன்னொரு கூட்டத்துக்கு ஸ்பெக்ட்ரோவுக்கு இணையே கிடையாது. அவர்களிடம் இது போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே எழுதத் தொடங்கினேன். வயதுக்கேற்ற பேச்சு வராத, கழுத்து நிற்காத, வலிப்பு வரும் குழந்தைகள். எம்.ஆர்.ஐ. படம் கிட்டத்தட்ட இயல்பாக இருக்கும், ‘போகப்போகச் சரியாகும்’ என்று காலம் போகும். அதே குழந்தைக்கு ஐந்து நிமிடம் ஒற்றைப் பெட்டி வைத்தால், 3.0-ல் கிரியாட்டின் சிகரம் நிற்க வேண்டிய இடம் வெறும் தரையாக இருக்கலாம். உடம்பு கிரியாட்டினைத் தயாரிக்கவோ மூளைக்குள் கொண்டுசேர்க்கவோ முடியாத பிறவிக் குறை அது. மிக அரிது. ஆனால் அதன் சில வகைகளுக்கு வாய்வழியாகக் கிரியாட்டின் கொடுத்தே சிகிச்சை செய்யலாம், சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். கேனவன் நோய் என்ற இன்னொன்றில் என்.ஏ.ஏ. அளவுக்கு மீறி உயர்ந்து நிற்கும். உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் லாக்டேட் தென்படலாம். சொந்தத்துக்குள் திருமணம் செய்த குடும்பங்களில் இப்படிப் பரம்பரையாக வரும் குறைகளுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல்.

இதற்கு 3 டெஸ்லா வேண்டியதில்லை. ஒரு சிகரம் அடியோடு இல்லாததைக் காட்ட 1.5 போதும். பல பெட்டியும் வேண்டாம். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதே, ‘கூடவே ஸ்பெக்ட்ரோவும் எடுக்கலாமா?’ என்று டாக்டரைக் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஐந்து நிமிடத்துக்காக மறுபடி மயக்கம், மறுபடி மலை இறக்கம்.

எந்த வழியானாலும் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இதில் என்ன வந்தால் என்ன மருந்து மாறும்?” இரண்டு விதமான முடிவுக்கும் ஒரே சிகிச்சைதான் என்றால், அந்தச் சோதனைக்காக மலை இறங்க வேண்டியதில்லை. மாறும் என்றால், அந்தக் கேள்வியைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ‘எம்.ஆர்.ஐ. வித் ஸ்பெக்ட்ரோ’ என்று மொட்டையாக வரும் சீட்டைப் பார்த்தால் பெட்டியை எங்கே வைப்பது என்று நாங்கள்தான் ஊகிக்க வேண்டும். ‘காசநோயா புற்றா, விளிம்பில் பார்க்கவும்’ என்று ஒரு வரி இருந்தால் எடுப்பதே வேறு மாதிரி இருக்கும். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் குறைவு. காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் முதலிலேயே காட்டி விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், பயணம். வலிப்பு உள்ளவருக்குத் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க இரவெல்லாம் விழித்திருந்து, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, மாத்திரையும் வெளியே போய், ஸ்கேன் வாசலிலேயே வலிப்பு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் முதல் நாளே இறங்கித் தங்கிவிடுங்கள். மே மாதம் மலர்க் கண்காட்சி நெரிசலையும், ஐப்பசி கார்த்திகையில் மண் சரிந்து ரோடு அடைபடுவதையும் பார்த்துத் தேதி வாங்குங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னாலும், காலை வலிப்பு மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்டுவிடுங்கள்; நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஸ்வெட்டரின் ஜிப், உலோக இழை போட்ட தெர்மல் உடை, தாயத்து, ஹேர்பின் எல்லாம் வெளியே கழற்ற வேண்டியிருக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளையில் பழைய அறுவையின் கிளிப் எது இருந்தாலும் தேதி வாங்கும்போதே சொல்லுங்கள். பல்லில் கம்பி கட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். முன்மூளைப் பக்கம் ஷிம்மைக் கெடுக்கும். உள்ளே போனபின் அந்த நாலைந்து நிமிடம் இருமலை அடக்கி, எச்சிலைக்கூட மெதுவாக விழுங்கிப் படுத்திருந்தால் போதும்.

முடிந்ததும் ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். சி.டி.யில் எல்லா வெட்டுகளும், பெட்டி எங்கே வைக்கப்பட்டது என்ற படமும், கோடும் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். மாமாவிடம் அந்தப் பெட்டிப் படம் இருந்ததால்தான் மூலை வெளியே நீட்டியிருப்பது தெரிந்தது. மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு அவர் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, பழைய சி.டி.யைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைத் துண்டில் சுற்றி, தேயிலைத்தூள் பாக்கெட்டோடு பைக்குள் வைத்திருந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டேன். ஒன்பது, நாலாகியிருந்தது.